சோதனை விமானம் விழுந்தால் எது மிஞ்ச வேண்டும்?

1999 ஜனவரி 11 அன்று, அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமான தளத்துக்கு அருகே காட்டுப் பகுதியில் ஓர் ஆவ்ரோ விமானம் விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். நால்வர் விமானப் படையினர். நால்வர் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனமான டிஆர்டிஓவின் விஞ்ஞானிகள். வானத்தில் இருந்தபடி நெடுந்தொலைவைக் கண்காணிக்கும் ரேடாரை இந்தியாவே செய்துகொள்ள முடியுமா என்று பார்ப்பதற்காக அந்த விமானம் பறந்துகொண்டிருந்தது. அது ஒரு சோதனை விமானம்.

சென்னைக்குப் பக்கத்தில் நடந்த இந்த விபத்து இன்று ஏறக்குறைய மறந்துபோய்விட்டது. அதை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் பயணிகள் விமானம் விழுந்த பிறகு, விபத்து விசாரணை, முதற்கட்ட அறிக்கை, விமானியின் தவறு போன்ற சொற்கள் டீக்கடை வரை வந்துவிட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். வானத்தில் நடந்தாலும் மண்ணில் நடந்தாலும், இப்படியொரு சாவுக்குப் பிறகு நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். சோதனைப் பறத்தலில் நேர்ந்த விபத்துகளை வைத்து அதைப் புரிந்துகொள்வது எளிது.

முதுகில் ஏன் வட்டு?

காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பார்ப்பவரின் கண்ணுக்கு எட்டும் தொடுவானம் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். அதைத் தாண்டிப் போகும் படகின் உடல் முதலில் மறையும், பிறகு அதன் மேல்பகுதி மறையும். பூமி வளைந்திருப்பதுதான் காரணம். கரையில் நிற்கும் ரேடாருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அதன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. எதிரி விமானம் தாழப் பறந்தால், அந்த வளைவுக்குப் பின்னால் ஒளிந்தபடியே வெகு அருகில் வந்துவிடலாம்.

இதற்கு நேரடியான வழி, ரேடாரை மேலே ஏற்றுவது. ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் தொடுவானம் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இதற்கான விமானங்களை முன்பே செய்துவிட்டன. பெரிய தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் முதுகில் சுழலும் வட்டுதான் அவற்றின் அடையாளம். ரேடாரின் ஆன்டெனா அந்த வட்டுக்குள் இருக்கும். அதற்கு ரோட்டோடோம் என்று பெயர்.

இந்தியா 1980களில் இந்த முயற்சியில் இறங்கியது. பிரிட்டிஷ் வடிவமைப்பில் கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த ஆவ்ரோ விமானத்தை எடுத்து, அதன் முதுகில் வட்டைப் பொருத்தினார்கள். 1990இல் வட்டோடு பறக்கத் தொடங்கியது. பெங்களூரில் உள்ள டிஆர்டிஓவின் வான்வழி அமைப்புகள் மையம் இந்தப் பணியைத் தொடர்ந்து நடத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத்தின் முதுகில் வட்டை வைப்பது பேருந்தின் கூரையில் மூட்டை கட்டுகிற வேலை இல்லை. காற்றில் அந்த வட்டும் ஓர் இறக்கைபோல் நடந்துகொள்ளும். மேலே தூக்கும், பின்னால் இழுக்கும். அதைத் தாங்கும் கால்கள் அந்த விசை முழுவதையும் விமானத்தின் உடலுக்குக் கடத்த வேண்டும். வட்டைத் தாண்டி வரும் காற்று கலங்கிப் போய் வால் பகுதியைத் தொடும். ஒவ்வொரு பறத்தலிலும் அதிர்வு சேரும். உலோகம் ஒரே நாளில் சோர்ந்துவிடாது, ஆண்டுக்கணக்கில் சோரும். அரக்கோணத்தில் விழுந்த விமானத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே வட்டு பிரிந்துபோனது என்பதுதான் பரவலாகப் பதிவாகியிருக்கும் விவரம். எட்டு ஆண்டுகள் அந்த அமைப்பு பறந்திருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் நாளைத் தாண்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று சோதனையில் சொல்லிக்கொள்ள முடியாது.

விபத்தோடு அந்தத் திட்டம் நின்றது. 2004இல் இஸ்ரேலின் ஃபால்கன் ரேடாரை ரஷ்ய இல்யூஷின் விமானத்தில் பொருத்தி வாங்க ஒப்பந்தம் போட்டோம். அதில் முதல் விமானம் 2009இல் வந்தது. நமது சொந்த முயற்சியும் 2004இல் மறுபடி தொடங்கியது. பிரேசிலின் எம்ப்ரேயர் ஜெட் விமானத்தின் முதுகில், சுழலும் வட்டுக்குப் பதிலாக அசையாத நீண்ட பட்டையாக ஆன்டெனாவைப் பொருத்தினார்கள். ‘நேத்ரா’ என்ற பெயரில் 2017 பிப்ரவரியில் அது விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அரக்கோணத்துக்கும் நேத்ராவுக்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகள் போயின.

சோதனை என்பது துணிச்சல் விளையாட்டு இல்லை

சோதனைப் பறத்தல் என்றதும் பலருக்கு மனதில் வருவது, உயிரைப் பணயம் வைத்துத் தெரியாத ஒன்றில் ஏறிப் பறக்கும் வீரரின் படம். அந்த வீரத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால், சோதனையின் இலக்கணம் வேறு. தெரியாததைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் தொடுவதுதான் அது.

வடசென்னைத் தொழிலாளர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மணலியிலும் எண்ணூரிலும் புதிதாகப் போட்ட குழாயிலோ பாய்லரிலோ நேரடியாக எரிவாயுவையோ நீராவியையோ விடமாட்டார்கள். முதலில் ஹைட்ரோ டெஸ்ட் செய்வார்கள். தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். காற்றை விட்டு ஏன் பார்ப்பதில்லை? அழுத்தப்பட்ட காற்று தனக்குள் பெரும் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். உடைந்தால் வெடிக்கும். தண்ணீர் அப்படிச் சுருங்காது. குழாய் விட்டுப்போனாலும் பீய்ச்சி அடித்து ஓய்ந்துவிடும். தோல்வி வந்தால்கூட ஆள் சாகாதபடி சோதனையை அமைப்பதுதான் இதில் உள்ள அறிவு.

விமானப் பொறியாளர்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். உலகின் முதல் பயணிகள் ஜெட்டான காமெட், 1954இல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் அடுத்தடுத்து இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தது. காரணம் கண்டுபிடிக்க, பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் முழு விமானத்தின் உடலையும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். ஒரு கட்டத்தில் உடல் கிழிந்தது. உலோகச் சோர்வுதான் காரணம் என்பது உறுதியானது. அந்த விசாரணை பகிரங்கமாக நடந்தது. அதனால் காமெட்டோடு போட்டியிட்ட நிறுவனங்களும் அதிலிருந்து கற்றுக்கொண்டன. இன்று நாம் ஏறும் ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அந்தப் பாடம் இருக்கிறது.

தரையில் செய்யக்கூடிய சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும் சில மிஞ்சும். அவற்றை வானத்தில் மட்டும்தான் செய்ய முடியும். அங்கேயும் படிப்படியாகத்தான் போவார்கள். முதல் பறத்தலில் பெரும்பாலும் சக்கரங்களை உள்ளே மடக்கக்கூட மாட்டார்கள். வேகமும் உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒவ்வொரு பறத்தலிலும் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எந்த அளவைத் தாண்டினால் கைவிட வேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கும். தரையில் ஒரு குழு திரைகளின் முன் அமர்ந்து, விமானம் அனுப்பும் அளவுகளை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கும். தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. 2016இல் விமானப் படையில் சேரும்வரை ஆயிரக்கணக்கான சோதனைப் பறத்தல்களை அது விபத்தின்றி முடித்தது. சோதனை என்றால் சாவு நேரத்தான் செய்யும் என்ற பேச்சுக்கு இது நல்ல மறுப்பு.

பிடதியில் என்ன நடந்தது?

அப்படியிருந்தும் விபத்து எப்படி நேர்கிறது? இதற்குத் தெளிவான விடை தரும் ஆவணம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

தேசிய விண்வெளி ஆய்வகமான என்ஏஎல், பதினான்கு பேர் அமரக்கூடிய ‘சரஸ்’ என்ற சிறிய விமானத்தை பெங்களூரில் உருவாக்கியது. அதன் முதல் மாதிரி 2004 மே 29 அன்றும் இரண்டாம் மாதிரி 2007 ஏப்ரலிலும் பறந்தன. 2009 மார்ச் 6 அன்று இரண்டாம் மாதிரி தனது 49ஆவது சோதனைப் பறத்தலுக்குக் கிளம்பியது. விங் கமாண்டர் பிரவீண் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் அதில் இருந்தார்கள். மூவரும் விமானப் படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

அன்று செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, இரண்டு இன்ஜின்களில் ஒன்றை வானத்திலேயே வேண்டுமென்றே அணைத்து, மறுபடி இயக்குவது. பயணிகளோடு பறக்கும்போது ஓர் இன்ஜின் நின்றுபோனால், அதை எப்படி உயிர்ப்பிப்பது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சோதனை.

இன்ஜினை அணைத்ததும் ப்ரொப்பெல்லரின் இலைகளைக் காற்று வரும் திசைக்கு இணையாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது அவை காற்றைக் கத்திபோல் கிழித்துக்கொண்டு போகும், இழுப்பு குறைவாக இருக்கும். இலைகள் அந்த நிலையிலிருந்து மாறித் தட்டையாகத் திரும்பிக்கொண்டு, இன்ஜினும் உயிர்பெறாமல் இருந்தால், அந்தப் பக்கம் காற்றைப் பலகைபோல் மறிக்கும். விமானம் ஒரு பக்கமாகத் திரும்பும், உயரத்தை வேகமாக இழக்கும். ஆகவே இன்ஜினை மீண்டும் இயக்கும்போது எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசைதான் உயிர்நாடி.

விமானம் அப்போது கடல் மட்டத்திலிருந்து சுமார் 9,000 அடி உயரத்தில் இருந்தது. பெங்களூரே சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். ஆக, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள மிச்சமிருந்தது ஏறக்குறைய 6,000 அடிதான். முதல் முயற்சியில் இன்ஜின் இயங்கவில்லை. மறுபடி முயன்றார்கள். பெங்களூருக்கு வெளியே பிடதி அருகே விமானம் விழுந்து எரிந்தது. மூவரும் இறந்தார்கள்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விசாரித்து, காரணத்தை எழுதியது. இன்ஜினை மறுபடி இயக்க வடிவமைப்பாளர்கள் வகுத்த முறையே தவறானது. அந்தத் தவறான முறையைப் போதிய உயரம் இல்லாத நிலையில் விமானக் குழு பின்பற்றியது. இவையே முதன்மைக் காரணங்கள். ப்ரொப்பெல்லரைத் தயாரித்த நிறுவனத்தைக் கலந்துகொள்ளாமலேயே என்ஏஎல் அந்த முறையை வகுத்தது, முதல் முயற்சி தோற்றதும் தரையில் இருந்த சோதனை இயக்குநரோடு பேசிப் பறத்தலைக் கைவிடாதது, விமானிகளுக்கு இடையில் ஒருங்கிணைப்பு குறைந்தது, கட்டுப்பாடுகளைக் கையாண்ட விதம் ஆகியவற்றைத் துணைக் காரணங்களாக அறிக்கை சொன்னது.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று விளங்கும். கடைசியாக விசையைத் தொட்டவர் விமானிதான். ஆனால், விபத்து அங்கே தொடங்கவில்லை. யாரோ ஓர் அலுவலக மேசையில் உட்கார்ந்து ஒரு வழிமுறையை எழுதியபோது, அதை அறிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டபோதே அது தொடங்கிவிட்டது. ‘விமானியின் தவறு’ என்ற இரண்டு சொற்களோடு விசாரணை நின்றிருந்தால் இது வெளியே வந்திருக்காது. அடுத்த குழுவும் அதே தாளை எடுத்துக்கொண்டு பறந்திருக்கும்.

சரஸ் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது உண்மை. ஆனால், திருத்தப்பட்ட மாதிரி 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது. காரணம் தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது.

இதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் 299 என்ற சோதனைக் குண்டுவீச்சு விமானம் மேலேறிய சில நொடிகளில் விழுந்தது. தரையில் நிற்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்காமலேயே கிளம்பிவிட்டார்கள். ஓட்டியவர் அனுபவம் மிக்க சோதனை விமானி. ‘கவனமாக இரு’ என்று அடுத்த விமானிக்கு அறிவுரை சொல்லி அவர்கள் விட்டுவிடவில்லை. கிளம்பும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்கும் செக்லிஸ்ட்டை உருவாக்கினார்கள். அந்த விமானம் பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் தயாரானது. இன்று செக்லிஸ்ட் இல்லாமல் எந்த விமானமும் கிளம்புவதில்லை. அறுவைச் சிகிச்சை அரங்கு வரை அது வந்துவிட்டது.

ஒரு விபத்துக்கு அறிக்கை, மற்றொன்றுக்கு மௌனம்

பிடதி விபத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிற நமக்கு, அரக்கோணத்தைப் பற்றி ஏன் சொல்ல முடியவில்லை? இது சட்டம் சார்ந்த வேறுபாடு.

1944இல் சிகாகோவில் உருவான சர்வதேச உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். ராணுவ விமானங்களை அது விலக்கி வைத்திருக்கிறது. அந்த உடன்படிக்கையின் 13ஆம் இணைப்புதான் விபத்து விசாரணையின் இலக்கணம். எதிர்கால விபத்தைத் தடுப்பதே விசாரணையின் ஒரே நோக்கம், யார் மீதும் பழி சுமத்துவது அதன் வேலை இல்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கை, முடிந்தால் ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை என்று காலமும் வகுக்கிறது. சரஸ் சிவில் பதிவு எண் பெற்ற விமானம் என்பதால் டிஜிசிஏ விசாரித்தது, அறிக்கை வெளியே வந்தது. ராணுவ விமானம் விழுந்தால் விமானப் படையின் விசாரணை மன்றம் விசாரிக்கும். அதன் அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடும் வழக்கம் இல்லை.

ராணுவத்துக்கு ரகசியம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ரேடாரின் திறன் எவ்வளவு, எந்த அலைவரிசையில் இயங்கியது என்பதை எந்த நாடும் ஊரறியச் சொல்லாது. ஆனால், வட்டைத் தாங்கிய கால்கள் ஏன் விட்டுப்போயின, ஆய்வுகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை நடந்தன, எந்த எச்சரிக்கை கவனிக்கப்படாமல் போனது என்பவை பொறியியல் கேள்விகள். அந்த ரேடார் இன்று பழங்கதை. அந்த ஆவ்ரோ ரகத்துக்குப் பதிலாக சி-295 விமானங்களை விமானப் படை வாங்கிக்கொண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், இருபது ஆண்டுகள் கடந்த நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் செல்லாது என்கிறது. தேசப் பாதுகாப்பு போன்ற சிலவற்றை மட்டுமே அது தொடர்ந்து காக்கிறது. பாதுகாப்பைத் தொடும் வரிகளை மறைத்துவிட்டு மற்றவற்றை வெளியிடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

மாறாக, ஆதாயம் நிறைய. இந்தியாவில் விமானம் செய்வது இன்று அரசு ஆய்வகங்களோடு நிற்கவில்லை. தனியார் நிறுவனங்களும் கல்லூரி மாணவர்களும் ஆளில்லா விமானங்களையும் சிறு விமானங்களையும் செய்து பறக்கவிடுகிறார்கள். பறக்கும் பொருளின் மேல் புதிதாக ஒன்றைப் பொருத்தும் ஒவ்வொரு பொறியாளரும் படிக்க வேண்டிய பாடம் அரக்கோணம். அந்தப் பாடத்துக்கு எட்டு உயிர்களை விலையாகக் கொடுத்துவிட்டோம். விலை கொடுத்து வாங்கியதைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

எண்ணூருக்கும் இதே விதி

வடசென்னை வாசகருக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை, சோதனை ஓட்டம் ஏதாவது ஒன்று நடக்காத மாதம் இல்லை. புதிய யூனிட்டின் ட்ரையல் ரன், கிரேனின் லோடு டெஸ்ட், ஷட்டவுன் முடிந்து மறுபடி ஆலையைத் தொடங்கும் அந்தச் சில மணி நேரம் என எல்லாமே, வழக்கமான ஓட்டத்தைவிட ஆபத்து கூடிய தருணங்கள். அங்கே நிற்பவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சோதனை விமானியிடம் ஆபத்து என்ன என்பதை விளக்கி, எந்த அளவில் கைவிடலாம் என்ற அதிகாரத்தையும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த இரண்டும் கிடைக்கின்றனவா?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அப்போது வல்லுநர் குழு ஆராய்ந்து எழுதிய காரணங்களும் பரிந்துரைகளும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தன. ஊர் மக்களும் அவற்றைப் படித்தார்கள், அவற்றை வைத்தே கேள்வி கேட்டார்கள். இது விதிவிலக்காக நடந்தது. இதுவே விதியாக வேண்டும். உயிர்ப்பலி நேர்ந்த ஒவ்வொரு தொழிற்சாலை விபத்தின் விசாரணை முடிவையும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தமிழில் தனது இணையதளத்தில் வெளியிட வேண்டும். குற்ற வழக்கு தன் வழியில் நடக்கட்டும். காரணம் தெரிவதற்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, பாதுகாப்பு அமைச்சகம் 1999 அரக்கோணம் விபத்து அறிக்கையின் தொழில்நுட்பப் பகுதியை வெளியிட வேண்டும். இன்னொன்று, 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் ஒன்பது பேர் ஏன் இறந்தார்கள் என்பதைச் சொல்லும் முழு அறிக்கையைத் தமிழ்நாடு அரசு மக்கள் முன் வைக்க வேண்டும். இழப்பீடு குடும்பங்களுக்குச் சேர வேண்டியது. அறிக்கை நம் எல்லோருக்கும் சேர வேண்டியது. அடுத்த முறை உங்கள் பகுதியில் ஒரு தொழிற்சாலைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். வேலைவாய்ப்பு எத்தனை என்று கேட்பதற்கு முன், சென்ற விபத்தின் அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.